விண்ணப்பம் அவளுடையது, விலாசம் ஏஜென்ட்டுடையது

ஒரு பெண்ணின் வேலையை நீங்கள் திருடினீர்கள்.

கொழும்பில் ஏஜென்சி நடத்தும் முதலாளி அவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். ஹட்டனில் உங்கள் போர்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே ஒரு ஏஜென்ட், அவரையும் சேர்த்துத்தான். உங்கள் பெயரை இங்கே போடப் பத்திரிகை ஆசிரியர் விடவில்லை. வழக்குப் போடுவீர்களாம். சரி, பெயர் வேண்டாம். வாசிக்க வாசிக்க உங்களுக்கே தெரிந்துவிடும்.

இந்தப் பத்தியில் வாராவாரம் பஸ்ஸைத் திட்டுவேன், பாலத்தைத் திட்டுவேன், பாடசாலைக் கூரையைத் திட்டுவேன். வாசகர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். இந்த வாரம் சிரிக்க எதுவும் இல்லை. வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்சி மூலம் விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதில் என் தலையும் கொஞ்சம் உருளும்.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு போட்டோகொப்பிக் கடை இருப்பது வாசகர்களில் பலருக்குத் தெரியும். கொப்பி எடுப்பேன், பாஸ்போர்ட் சைஸ் படம் பிடிப்பேன், போனுக்கு ரீலோட் போடுவேன், இங்கிலீஷ் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஸ்டெல்லா வந்தாள்.

பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. இருபத்தாறு வயது. அப்பா இல்லை. அம்மா அன்னம்மா கொழுந்து பறிப்பவர். ஸ்டெல்லா முதியோரைப் பராமரிக்கும் கோர்ஸ் ஒரு வருடம் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். படுக்கையில் கிடப்பவரை எப்படிப் புரட்டுவது, புண் வராமல் எப்படிப் பார்ப்பது, மறதி வந்த மனிதரிடம் எப்படிப் பேசுவது... எல்லாம் தெரிந்த பிள்ளை. வளைகுடா நாடொன்றில் ஒரு முதியோர் இல்லம் ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டு, உங்கள் ஹட்டன் ஏஜென்ட் மூலம் விண்ணப்பித்தாள். மூன்று மாதம் ஆகிறது.

"அண்ணே, இதுல ரெண்டு கொப்பி எடுங்க. சைன் வச்சு நாளைக்குக் குடுக்கணும்" என்றாள்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். கொப்பி எடுக்கும் தாளை வாசித்துவிடுவேன். அது வேலை ஒப்பந்தம். ஒரு பக்கம் அரபு, ஒரு பக்கம் இங்கிலீஷ். வேலை என்ற இடத்தில் 'வீட்டுப் பணிப்பெண்' என்று இருந்தது.

"தங்கச்சி, நீ எந்த வேலைக்குப் போற?"

"வயசானவங்கள பாக்குற ஹோம் அண்ணே... அதுக்குத்தான் போட்டேன். அது சரிவரலையாம். அவங்க வேணான்னுட்டாங்கன்னு ஏஜென்ட் சேர் சொன்னாரு. இதுல வீட்டுல ஒரு வயசான அம்மா இருக்காங்களாம். அவங்கள பாக்குறதும் அதே வேலைதானேன்னாரு."

நான் பின்பக்கத்தைத் திருப்பினேன். வேலைப் பட்டியல் இருந்தது.

"சமையல் இருக்கு. துணி இருக்கு. நாலு புள்ளைங்க இருக்கு. ரெண்டு கார் கழுவுறது இருக்கு. வயசான அம்மாவ மட்டும் காணோமே?"

அவள் தாளை வாங்கித் திருப்பி, 'வீட்டுப் பணிப்பெண்' என்ற வரியில் விரலை வைத்தாள். எடுக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு வேலை கேவலம் என்று எவனாவது சொன்னால் அவனைக் கடைக்குள் விடமாட்டேன். நம் தாய்மார் அந்த வேலைக்குப் போய்த்தான் எத்தனையோ லயத்து வரிசை வீட்டுக் கூரையில் தகரம் மாறியது, எத்தனையோ பிள்ளைகள் ஏ லெவல் வரை படித்தார்கள். ஆனால் அதற்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவள் அவள். ஒரு வருடம் படித்துவிட்டு ஒரு வேலைக்கு விண்ணப்பித்தவளை, அவளுக்கே தெரியாமல் இன்னொரு வேலைக்குத் தள்ளிவிடுவதற்கு நீங்கள் யார்?

"உங்கூடப் படிச்ச யாராவது அந்த ஹோமுக்குப் போட்டாங்களா?" என்று கேட்டேன்.

"மாலினி போட்டா. கந்தப்பளையில இருக்கா. வேற ஏஜென்சி. அவளுக்குக் கெடச்சிருச்சுன்னு கேள்விப்பட்டேன்... நான் பேசல அண்ணே. வெக்கமா இருந்துச்சு."

"எடு போன."

எடுத்தாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். ஹலோ சொல்வதற்கு முன்பே அந்தப் பக்கம் ஏச்சு ஆரம்பமாகிவிட்டது.

"ஏண்டி லூசு! இன்டர்வியூக்கு ஏன் வரல?"

"எந்த இன்டர்வியூடி?"

"நடிக்காத. ஒனக்கு ரெண்டு தடவ போன் எடுத்தாங்களாம். ஈமெயிலும் போட்டாங்களாம். லிஸ்ட்டுல எம் பேருக்கு மேலயே ஒம் பேரு இருந்துச்சு. யாரோ ஒரு ஆம்பள பேசி, அவ மனசு மாறிட்டா, வரமாட்டான்னு சொன்னாராம். இன்டர்வியூ எடுத்த மெடம் எங்கிட்ட கேக்குறாங்க, ஒன் பிரெண்டுக்கு என்னா ஆச்சுன்னு. நான் என்னத்த சொல்ல? சொல்லாமக் கொள்ளாமக் கல்யாணம் கட்டிக்கிட்டியோன்னு நெனச்சேன்."

"எனக்குப் போனே வரலடி..."

"அப்ப எந்த நம்பரடி குடுத்த?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் கடையை இழுத்துப் பூட்டினேன்.

உங்கள் ஹட்டன் ஆபிஸ் மாடியில் இருக்கிறது. கண்ணாடிக் கதவு. உள்ளே ஏசி ஓடுகிறது. ஹட்டனில் ஏசி! வெளியே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கி வரும் சனங்களை உள்ளே இன்னும் நடுங்க வைத்தால்தான் பயத்தில் கையெழுத்து வைப்பார்கள் போலிருக்கிறது. சுவரில் விமானப் படம். மேசைக்குப் பின்னால் உங்கள் ஏஜென்ட். நம் ஊர் ஆள்தான். லயத்தில் பிறந்து, நம் கோயில் திருவிழாவில் காவடி எடுத்தவர்.

"அடடே, பத்தி எழுதுற அண்ணன்! வாங்க வாங்க. டீ சொல்லவா?"

ஸ்டெல்லா முந்திக்கொண்டாள். "டீ வேணாம் சேர். எங்கம்மா தெனம் பறிக்கிறாங்க. எனக்கு இன்டர்வியூ வந்துச்சா, வரலையா?"

அவர் சிரித்தார். "தங்கச்சி, அதெல்லாம் சும்மா வர்ற மெயில். நம்பக் கூடாது. ஒனக்கு நல்ல எடம்னுதான் இந்த வீட்ட புடிச்சேன். விசா ரெடி. ஒன் நல்லதுக்குத்தான்."

"என் நல்லத எங்கிட்ட கேக்க மாட்டீங்களா சேர்?"

"அவளுக்கு வந்த போனை நீங்க எப்படி எடுக்கலாம்?" என்று நான் சத்தம் போட்டேன். நன்றாகவே போட்டேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. ஒரு பைலை இழுத்து, ஒரு படிவத்தை உருவி, மேசையில் என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"போர்ம்ல என்னா இருக்குன்னு பாருங்க அண்ணே. தொடர்புகொள்ள வேண்டிய விலாசம், நம்ம ஆபிஸ். போன் நம்பர், நம்ம நம்பர். ஈமெயில், நம்ம பண்ணிக் குடுத்தது. நம்ம நம்பருக்கு வந்தா நாமதானே எடுக்கணும்? அது சரி... இது யாரு எழுத்து அண்ணே?"

என் எழுத்து.

கட்டம் கட்டமாக, நீலப் பேனாவில், கெப்பிட்டல் எழுத்தில். அப்படி அழகாக எழுதுவேன் என்று எனக்கு ஊரில் ஒரு பேர் உண்டு. ஒரு நாளைக்குப் பத்துப் படிவம் நிரப்புகிறவன், எதையும் ஞாபகம் வைப்பதில்லை. ஆனால் பார்த்ததும் ஞாபகம் வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் இந்த மனிதர்தான் ஸ்டெல்லாவையும் இன்னும் நாலு பிள்ளைகளையும் என் கடைக்குக் கூட்டி வந்தார். "லயத்து விலாசம் போட்டா லெட்டர் எங்க அண்ணே வரப்போகுது? நம்ம ஆபிஸ் விலாசத்தப் போட்டுருங்க. போனும் நம்மளது. தோட்டத்துல சிக்னலும் இல்ல" என்றார். நியாயமாகத்தான் பட்டது. எழுதினேன். ஐந்து பேருக்கும் எழுதினேன். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியிடமாவது, 'உனக்கு இது சரியா?' என்று கேட்கவில்லை.

ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் எனக்கு அந்த ஏசியிலும் வியர்த்தது.

ஸ்டெல்லா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரைப் பார்த்து, "சரி சேர். பாஸ்போர்ட்ட குடுங்க. நான் போறேன்" என்றாள்.

"பாஸ்போர்ட் கொழும்பு ஹெட் ஆபிஸ்ல இருக்கு தங்கச்சி. எடுக்கலாம். ஒரு சின்ன லெட்டர் மட்டும் எழுதிக் குடு. அந்த ஹோம் வேல வேணாம்னு நீயாத்தான் சொன்னேன்னு. ரெண்டே வரி. அண்ணனே எழுதித் தருவாரு, எழுத்து நல்லா இருக்கும்."

அந்த நக்கலை நான் வாங்கிக்கொண்டேன். வாங்க வேண்டியதுதான். ஸ்டெல்லா வாங்கவில்லை.

"நான் சொல்லாதத சொன்னேன்னு எழுதமாட்டேன் சேர்" என்றாள். எழுந்தாள். வந்துவிட்டாள்.

மறுநாள் அவள் அம்மாவும் வந்தார். அன்றைய நாள் கூலியை விட்டுவிட்டு, பூண்டுலோயாவில் காலை பஸ் ஏறி, தலவாக்கலையில் மாறி வந்திருந்தார். பொலிஸுக்குப் போவதற்கு முன்னால் கடையில் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஒன்று மட்டும் புரியவில்லை.

"லெட்டரு வரும்னுதானே தம்பி நான் தெனம் கேட்டேன்?"

"எங்க கேட்டீங்க?"

"பெரட்டுலதான். விடிய விடியப் போயி கணக்கப்புள்ளகிட்ட கேப்பேன், எம் புள்ளைக்கு வெளிநாட்டு லெட்டர் வந்துச்சாங்கன்னு. இல்லம்மான்னுவாரு. மூணு மாசம் கேட்டேன். மத்த பொம்பளைங்க எல்லாம் சிரிப்பாளுக. என்னா அன்னம்மா, ராசாகிட்ட இருந்து ஓல வந்துச்சான்னு. நான் கேக்குறத விடல."

தோட்டத்தில் பிறக்காத வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். லயத்தில் ஒரு குடும்பம் இருக்கும் காம்பரா அறைக்குத் தனி விலாசம் பல தோட்டங்களில் இன்றைக்கும் கிடையாது. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், அவ்வளவுதான். இரண்டாயிரம் பேருக்கு ஒரே விலாசம். தபால் தோட்ட ஆபிஸுக்கு வரும். அங்கிருந்து காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, அதாவது பெரட்டுக்கு வரும். அங்கே பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு வராதவர் கடிதம் யார் கையிலாவது போகும். எத்தனை நேர்முகப் பரீட்சைக் கடிதம் தேதி முடிந்த பிறகு கைக்கு வந்திருக்கிறது என்று எந்தத் தோட்டத்து வாலிபரைக் கேட்டாலும் சொல்வார்.

அதனால் நாம் என்ன செய்தோம்? டவுனில் ஒரு கடை விலாசத்தைக் கொடுக்கப் பழகினோம். என் கடை விலாசத்திலேயே நாற்பது குடும்பத்துக்குக் கடிதம் வருகிறது. அதில் எனக்குப் பெருமை வேறு. கடிதத்துக்கு ஆபிஸ், லீவுக்குக் கங்காணி, சண்டைக்குத் தோட்டத் தலைவர், படிவத்துக்கு நான். எதையும் நேரே செய்யாமல் ஒருவர் மூலமாகவே செய்து செய்து, நம் பெயரில் வரும் போனை இன்னொருவன் எடுப்பதுகூட நமக்குத் தப்பாகத் தெரியாமல் போய்விட்டது. கொழும்புப் பிள்ளை இந்தத் தப்பைச் செய்யுமா? யாழ்ப்பாணத்துப் பிள்ளை செய்யுமா? 'என் போன் நம்பரை விட்டு உங்கள் நம்பரை ஏன் போடுகிறீர்கள்?' என்று வாசலிலேயே கேட்டிருக்கும். நாம் மட்டும்தான் நன்றி சொல்லிவிட்டு வருவோம்.

அன்னம்மாவிடம் சொன்னேன். "அம்மா, அந்தக் கடிதம் தோட்டத்துக்கு வரவே வராது. படிவத்துல தோட்டத்து விலாசமே இல்ல."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே தம்பி எழுதுனீங்க?"

"ஆமாம்மா."

"எழுதத் தெரிஞ்சவங்க ஒரு வார்த்த கேக்க வேணாமா தம்பி?"

அந்தக் கேள்வியை அப்படியே இங்கே எழுதிவிட்டேன்.

ஆகவே பிள்ளைகளே, கேளுங்கள். இது நான் யோசித்து எழுதிய உபதேசம் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டது.

படிவத்தில் உங்கள் போன் நம்பரைப் போடுங்கள். சிக்னல் இல்லையா? வட்ஸ்அப் நம்பரைப் போடுங்கள், சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வரும்போது மெசேஜ் வந்து விழும். போனே இல்லை என்றால் அண்ணன், அக்கா, கூடப் பிறந்தவர் யாருடையதையாவது போடுங்கள். ஏஜென்ட்டுடையதைப் போடாதீர்கள். உங்களுக்கு வேலை கிடைத்தால் யாருக்கு லாபம், கிடைக்காவிட்டால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். இரண்டிலும் லாபம் பார்க்கிறவன் நம்பரைப் போடாதீர்கள்.

ஈமெயில் நீங்களே திறவுங்கள். பத்து நிமிட வேலை. 'நான் பண்ணித் தரேன் தங்கச்சி' என்று எவராவது போனை வாங்கினால் திருப்பி வாங்குங்கள். பாஸ்வேர்ட் அவரிடம் இருந்தால் அது உங்கள் ஈமெயில் இல்லை, அவருடையது.

நிரப்பிய படிவத்தைக் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடியுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். 'மிச்சத்த நாங்க நிரப்பிக்கிறோம்' என்றால் எழுந்து வாருங்கள். இங்கிலீஷ் தெரியாதா? வாசித்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், என்னைப் போல எழுதிக் கொடுப்பவனிடமும் கேளுங்கள். 'இந்தக் கட்டத்தில் என்ன எழுதினாய்?' என்று ஒவ்வொரு கட்டமாகக் கேளுங்கள். எரிச்சல் படுவான். படட்டும்.

விலாசத்துக்கு, தோட்டத்தின் பெயரோடு பிரிவு, லயம், காம்பரா எத்தனையாவது என்று முழுதாக எழுதுங்கள். கிராம சேவகரிடம் அப்படியே எழுதிய கடிதம் ஒன்று வாங்கி வையுங்கள். தபால் பிந்தும்தான். பிந்தி வந்தாலும் உங்கள் பெயருக்கு வந்தது என்று ஓர் அத்தாட்சி இருக்கும்.

ஏஜென்சிக்கு அரசாங்க அனுமதி இலக்கம் உண்டு. போர்டில் இருக்கிறது என்று விடாதீர்கள், போர்டு எவனும் அடிக்கலாம். அந்த இலக்கம் பதிவில் இருக்கிறதா, இன்னும் செல்லுமா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்பைப் பார்க்கும் அரசாங்க அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள். ஊரில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட் வேறு, கொழும்பு ஏஜென்சி வேறு. ஏஜென்சியின் நம்பரைத் தனியாகத் தேடி எடுத்து, 'இவர் உங்கள் ஆள்தானா?' என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிற ஏஜென்சிகளும் இருக்கின்றன. கேள்வி கேட்டால் அவர்களுக்குக் கோபம் வராது.

கடவுச்சீட்டு கொடுத்தால் எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்கள். யார் வாங்கினார், எதற்கு, எப்போது திருப்பித் தருவார். ஸ்டெல்லா வாங்கவில்லை. 'நம்ம ஆளுகிட்ட எதுக்கு அண்ணே?' என்றாள். இந்த 'நம்ம ஆள்' என்ற சொல்லை ஏஜென்சி வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று. 'அவர் ஒரு ரூபாயும் வாங்கலயே' என்று அன்னம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். வாங்கவில்லைதான். அதனால்தான் நல்ல மனிதர் என்று நம்பினார்கள். காசு கேட்கிறவன் கள்ளன் என்று நமக்கு யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். கேட்காதவன் எங்கே சம்பாதிக்கிறான் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டு வேலைக்கு ஒரு பெண்ணை அனுப்பினால் அந்தப் பக்கத்திலிருந்து அவருக்குக் கமிஷன் வருகிறது. முதியோர் இல்லம் அப்படி எதுவும் கொடுப்பதில்லை என்று அந்த இல்லத்து மெடமே பிறகு ஸ்டெல்லாவிடம் சொன்னார். விஷயம் இவ்வளவுதான்.

மெடம் என்றேன் அல்லவா? அதையும் சொல்ல வேண்டும்.

பொலிஸில் முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, என் கடைக் கணினியில் ஸ்டெல்லா தன் கையாலேயே ஈமெயில் திறந்தாள். நான் விசைப்பலகையைத் தொடவில்லை. பாஸ்வேர்ட் போடும்போது திரும்பி நின்றேன். மாலினி கொடுத்த முகவரிக்கு, நடந்ததை இங்கிலீஷில் எட்டு வரி எழுதினாள். பிழை இருந்தது. திருத்தவா என்று கேட்டேன்.

"வேணாம் அண்ணே. நான் எழுதுனதாவே இருக்கட்டும்."

இரண்டு நாளில் பதில் வந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வீடியோ இன்டர்வியூ. கடையின் பின்பக்கம் காகிதப் பெட்டிகளை நகர்த்தி ஒரு நாற்காலி போட்டோம். போட்டோகொப்பி மெஷினை நிறுத்திவிட்டேன். கொப்பிக்கு வந்த ஆட்கள் வாசலிலேயே நின்றார்கள். நான் சொல்லாமலே யாரோ உஸ் என்று எல்லோரையும் அடக்கினார்கள். அரை மணி நேரம். மறதி நோய் உள்ள ஒருவர் சாப்பாட்டைத் தட்டிவிட்டால் என்ன செய்வாய் என்று அந்த மெடம் கேட்டது என் காதில் விழுந்தது. "பத்து நிமிசம் பொறுத்து, வேற தட்டுல வச்சு, முதல் தடவ குடுக்கிற மாதிரி குடுப்பேன்" என்பதை அவள் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். அந்த மெடம் சிரித்தார்.

வேலை கிடைத்துவிட்டது.

திங்கட்கிழமை எழுத்தில் வந்தது. பராமரிப்பு உதவியாளர். அவள் பெயருக்கு, அவள் ஈமெயிலுக்கு. அன்னம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். நம்பாமல் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். விசாவுக்கு அசல் கடவுச்சீட்டு இந்த மாதம் முடிவதற்குள் அவர்கள் சொன்ன இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடம் அடுத்த பெயருக்குப் போகும். அதையும் அவர்கள் எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. ஏற்கெனவே ஒரு தடவை காத்திருந்தவர்கள்.

நேற்றும் உங்கள் ஹட்டன் ஆபிஸுக்குப் போனோம். கண்ணாடிக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே வெளிச்சம் எரிந்தது. கொழும்பு நம்பருக்கு ஆறு தடவை போன் போட்டோம். ஒரு பெண்பிள்ளை எடுத்து, "போஸ் மீட்டிங்கில்" என்றது. ஆறு தடவையும் மீட்டிங். பொலிஸ் விசாரிக்கிறது, அரசாங்க அலுவலகத்துக்கும் எழுதியிருக்கிறோம், அதற்கெல்லாம் நாள் எடுக்கும். 'தொலைஞ்சு போச்சுன்னு சொல்லி புதுசு எடு' என்று கடைக்கு வந்த ஒருவர் யோசனை சொன்னார். தொலையவில்லையே! எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்த ஒரு பொருளைத் தொலைந்துவிட்டது என்று அவள் ஏன் சத்தியம் பண்ண வேண்டும்?

நான் செய்ததை, என் பெயர் போட்டு வரும் இந்தப் பத்தியிலேயே எழுதிவிட்டேன். மற்ற நான்கு பிள்ளைகளையும் தேடிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேரைக் கண்டுபிடித்துவிட்டேன். அவர்களுக்கும் ஏதாவது போன் வந்ததா, யார் எடுத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும்.

ஆகவே முதலாளி அவர்களே, மீட்டிங் முடிந்ததும் இதை வாசியுங்கள். மூன்று கேள்விதான். ஸ்டெல்லாவுக்கு வந்த அழைப்பை எடுத்து 'அவள் வரமாட்டாள்' என்று சொன்ன உங்கள் ஆள் யார்? அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரம் கொடுத்தது நீங்களா? அவளுடைய கடவுச்சீட்டு இந்த நிமிடம் உங்கள் ஆபிஸில் எந்த மேசை லாச்சியில் இருக்கிறது? மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டாம், ஸ்டெல்லாவிடம் ஆள் அனுப்பவும் வேண்டாம். உங்கள் பெயரைப் போட்டு, இதே பத்திரிகையில், எல்லோரும் வாசிக்கப் பதில் சொல்லுங்கள்.